சேலைக் கடையில் ஒன்பது வருடம்: மால் வேலைக்கு ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது?

சிக்பேட்டை_அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன், வயது 36. பி.யூ.சி.யோடு படிப்பு நின்றுவிட்டது. வீட்டிலிருந்து மெட்ரோவில் மூன்றாவது ஸ்டேஷன் சிக்பேட்டை. அங்கே ஒரு சேலைக் கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். பொங்கலுக்குப் பிறகு முதலாளி தவறிவிட்டார். பிள்ளைகள் கடையை மூடி இடத்தை வாடகைக்கு விட்டுவிட்டார்கள். இப்போது பக்கத்து மாலில் பெண்கள் துணிக்கடைக்கு ஆள் எடுக்கிறார்கள், ரெஸ்யூமே கொண்டு வரச் சொன்னார்கள்.

ஜெராக்ஸ் கடைத் தம்பி 100 ரூபாய்க்கு ஒன்று அடித்துக் கொடுத்தான். அப்பா பெயர், மதம், திருமணமானவர், பொழுதுபோக்கு டிவி பார்ப்பது. நடுவில் 'கடின உழைப்பாளி, நேர்மையானவர், சீக்கிரம் கற்றுக்கொள்வார்'. அனுபவம் என்ற இடத்தில் ஒரே வரி: 'சேல்ஸ் கேர்ள், 9 வருடம்'. படித்ததும் மனசு கனத்துவிட்டது. இத்தனை வருடமும் அந்த ஒரு வரிதானா? பி.எஃப். பிடிக்கவில்லை, சம்பளம் கையில்தான் கொடுத்தார்கள், ஆர்டர் லெட்டரும் கிடையாது. சேலை விரித்துக் காட்டுவதையெல்லாம் திறமை என்று எழுதலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தளத்தில்_11_வருடம்:

அக்கா, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு துணிக்கடையில் தளப் பொறுப்பாளராக இருக்கிறேன். ட்ரையல் ரூமில் துணி மடிக்கச் சேர்ந்தவன். தசராவுக்கு முன்னால் ஆள் எடுக்கும்போது ஒரே நாளில் நாற்பது ரெஸ்யூமே வரும், அதில் முப்பதில் 'கடின உழைப்பாளி' இருக்கும். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்து ஒருவரை எந்த செக்‌ஷனில் நிறுத்துவது என்று முடிவுசெய்ய முடியாது. என்ன விற்றார், ஒரு நாளில் எத்தனை பேரைக் கவனித்தார், கல்லாவில் உட்கார்ந்தாரா, ஸ்டாக் எண்ணினாரா, எந்த மொழியெல்லாம் பேசுவார். என் கண் இதைத்தான் தேடும்.

அந்தத் தாளை ஒதுக்கிவையுங்கள். மதம், அப்பா பெயர், பொழுதுபோக்கு எதுவும் வேண்டாம். நான் கேட்பதற்கு இங்கேயே பதில் எழுதுங்கள். வரமகாலட்சுமி சமயத்தில் உங்கள் கையால் ஒரு நாளில் எத்தனை பில் ஆகும்? சரக்கு வந்தால் யார் எண்ணுவது? ஜிஎஸ்டி மாறியபோது டேக்கை யார் மாற்றினார்கள்? சேலையைத் திருப்பிக் கொடுக்க வந்தவரிடம் யார் பேசினார்கள்?

விரித்துக் காட்டுவது திறமைதான், சந்தேகமே வேண்டாம். எப்படி விரிப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

கல்லாப்பெட்டி:

நான் மளிகை சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர். கல்லாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் மறக்காமல் எழுதுங்கள். ராத்திரி ரொக்கம், கார்டு, யூபிஐ மூன்றையும் தனித்தனியாகக் கூட்டி பில்லோடு ஒத்துப்பார்க்கத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக்குப் பணம் கட்டு என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

சிக்பேட்டை_அக்கா:

இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடையில் வெள்ளை மெத்தை. முதலில் முந்தானையைத்தான் விரிப்பேன், உடல் பகுதி அப்புறம். வந்தவர் முகத்தை விட கையைத்தான் பார்ப்பேன். விரல் பார்டர் ஜரிகையில் நின்றால் அந்தச் சேலையை மடிக்காமல் ஓரமாக வைப்பேன். விரல் டேக்கைத் தேடினால் அதே நிறத்தில் ஆயிரம் ரூபாய் குறைவாக ஒன்றை எடுப்பேன். நிறத்தை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மெத்தையில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் சேரவிட மாட்டேன். குவிந்துவிட்டால் 'வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம்' என்று எழுந்துவிடுவார்கள். அசல் பட்டுதானா என்று கேட்டால் சில்க் மார்க் லேபிளில் இருக்கும் ஹாலோகிராமையும் எண்ணையும் காட்டிச் சொல்லுவேன். கிளம்பும் முன் பிளவுஸ் துணி, ஃபால்ஸ் இரண்டையும் கேட்காமல் விட்டதில்லை. பாதிப் பேராவது வாங்குவார்கள்.

சாதாரண நாளில் என் கையால் எட்டு, பத்து பில். வரமகாலட்சுமிக்கு முந்தைய வாரம் முப்பதைத் தாண்டும். மாதக் கடைசி ஞாயிறு ஸ்டாக் எண்ணுவோம், 1,800 சேலை இருக்கும், பட்டு ரேக் முழுக்க என் பொறுப்பு. கீழே சுடிதார் ரேக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ரெடிமேட் துணிக்கு 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18% என்று ஆனதே, முந்தின ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்து நானும் இன்னொரு பெண்ணும்தான் டேக் மாற்றினோம். அதுவரை 1,000 ரூபாயைத் தாண்டினாலே 12% போட்டுக்கொண்டிருந்தோம்.

கன்னடம், தமிழ், தெலுங்கு சரளமாகப் பேசுவேன். இந்தி பேசுவேன், எழுத வராது. இங்கிலீஷில் ரேட், சைஸ் சொல்லுவேன். பில் கம்ப்யூட்டரில்தான் போட்டேன், ஆனால் பார்கோடு ஸ்கேனர் எங்கள் கடையில் இல்லை.

தளத்தில்_11_வருடம்:

அக்கா, நீங்கள் இப்போது எழுதியதுதான் ரெஸ்யூமே. இதை ஒரு பக்கத்துக்குள் சுருக்கினால் போதும். பையனோ பெண்ணோ இருந்தால் எளிய இங்கிலீஷில் மாற்றித் தரச் சொல்லுங்கள், பெரிய வார்த்தை எதுவும் தேவையில்லை.

பெயருக்குக் கீழே மொழிகளை வையுங்கள். இந்த ஊரில் அது பெரிய பலம். சனி, ஞாயிறு எங்கள் தளத்தில் ஒரு மணி நேரத்துக்குள் நான்கு மொழியில் பேச வேண்டி வரும்.

அடுத்தது அனுபவம். 'சேல்ஸ் கேர்ள்' என்பதை எடுத்துவிட்டு 'விற்பனையாளர், பட்டு மற்றும் ரெடிமேட், 9 வருடம்' என்று போடுங்கள். அதற்குக் கீழே: 'தினமும் 8 முதல் 10 பில், பண்டிகை வாரத்தில் 30-க்கு மேல்.' 'சேலையோடு பிளவுஸ் துணியும் ஃபால்ஸும் சேர்த்து விற்பேன், பாதி வாடிக்கையாளர்களாவது வாங்குவார்கள்.' இந்த இரண்டாவது வரியை அழுத்தி எழுதுங்கள். மால் கடைகளில் ஒரு பில்லுக்கு எத்தனை பீஸ் போகிறது என்று தினமும் கணக்கெடுப்பார்கள், யூ.பி.டி. என்பார்கள். அந்தப் பெயர் தெரியாமலே ஒன்பது வருடம் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். இன்டர்வியூவில் யூ.பி.டி. என்று காதில் விழுந்தால் பிளவுஸ் துணிக் கதையைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஸ்டாக். '1,800 சேலை உள்ள கடையில் மாதாந்திர ஸ்டாக் எண்ணிக்கை, பட்டு ரேக் பொறுப்பு.' ஜிஎஸ்டி டேக் மாற்றியதற்கும் ஒரு வரி. பார்கோடு ஸ்கேனர் தெரியும் என்று எழுதாதீர்கள். 'கம்ப்யூட்டர் பில்லிங் தெரியும், ஸ்கேனர் புதிது' என்றே போடுங்கள். ஸ்கேனரை நான் அரை நாளில் கற்றுக்கொடுத்துவிடுவேன். வந்தவரின் விரலைப் பார்த்து அடுத்த சேலையை எடுப்பதை ஆறு மாதம் ஆனாலும் கற்றுக்கொடுக்க முடியாது.

எண் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம். முப்பது பில் என்றால் ஒரு பில்லுக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்பேன். உண்மையில் செய்தவருக்குப் பதில் யோசிக்காமல் வரும்.

லெட்டர் இல்லாததுதான் சிக்கல். முதலாளியின் மகனைப் போய்ப் பாருங்கள். கடை லெட்டர்பேடில் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, என்ன வேலை, கையெழுத்து, மூன்று வரி போதும். அப்பா காலத்தில் இருந்தவர் கேட்டால் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நேரில்_போ:

இதெல்லாம் எதுக்குங்க? கடைக்குப் போய் மேனேஜரிடம் நின்று பேசினால் வேலை கிடைக்கும். தாளை யாரும் படிப்பதில்லை.

தளத்தில்_11_வருடம்:

சின்னக் கடைக்கு நீங்கள் சொல்வது சரி. எங்களைப் போன்ற இடத்தில் எனக்குப் பிடித்தால் மட்டும் போதாது, தாள் ஹெச்.ஆருக்குப் போகும். அவர் அக்காவைப் பார்த்ததே இல்லை. நான் வாதாடுவதற்கு அந்தத் தாளில் ஏதாவது இருக்க வேண்டும்.

கல்லாப்பெட்டி:

இன்னொன்று. ஏற்கெனவே தெரிந்த வேலைக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு மத்திய அரசின் பி.எம்.கே.வி.ஒய். என்ற திறன் பயிற்சித் திட்டத்தில் உண்டு, ஆர்.பி.எல். என்பார்கள். சில்லறை விற்பனைக்கு ராஸ்கி என்ற திறன் கவுன்சில், அதில் ரீடெய்ல் சேல்ஸ் அசோசியேட் என்ற பிரிவு. ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் பக்கத்தில் மையம் இருக்கிறதா என்று பாருங்கள். காகிதம் இல்லாமல் வேலை பார்த்தவர்களுக்கு உதவும்.

சிக்பேட்டை_அக்கா:

போன வாரம் முதலாளியின் சின்ன மகனைப் பார்த்தேன். லெட்டர்பேடு தீர்ந்துவிட்டது என்று பழைய பில் புத்தகத் தாளிலேயே எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். நான் கேட்காமலே 'பட்டுப் பிரிவைத் தனியாகப் பார்த்துக்கொண்டார்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அங்கேயே கண் கலங்கிவிட்டது.

பையன் இங்கிலீஷில் அடித்தான். முக்கால் பக்கம்தான் வந்தது. நேற்று மால் கடையில் கொடுத்தேன். அங்கே வாங்கிய பொண்ணு நின்றபடியே படித்துவிட்டு, 'ஃபால்ஸ் எப்படிக் கேட்பீர்கள், சொல்லிக் காட்டுங்கள்' என்று கன்னடத்தில் கேட்டாள். சொன்னேன். சனிக்கிழமை 11 மணிக்கு மூன்று மணி நேரம் தளத்தில் நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறாள். அங்கே மெத்தை கிடையாது, எல்லாம் ஹேங்கரில் தொங்குகிறது. தம்பி, ஹேங்கரில் இருக்கும் சேலைக்கு முந்தானையை எப்படி முதலில் காட்டுவது?

தளத்தில்_11_வருடம்:

ஹேங்கரோடு எடுத்து முந்தானைப் பக்கத்தை உங்கள் இடது முழங்கையில் போட்டுக்கொள்ளுங்கள் அக்கா. வலது கை காலியாக இருக்கட்டும், அடுத்த சேலையை எடுக்க. கண்ணாடி இருக்கும் தூணுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.