ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: பெயர், பணம், கடிதம் பற்றிக் கேள்விகள்

யீஷூன் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகள் இங்கே சிங்கப்பூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வரும் ஏப்ரலில் ஜெர்மனியின் ஆகன் நகரத்தில் ஒரு செமஸ்டர் படிக்க அவள் பல்கலைக்கழகம் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. இனி அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பமும் தாள்களும் அனுப்ப வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாரும் இப்படிப் போனதில்லை. அதனால் கேட்கிறேன்.

முதலில் பெயர். பாஸ்போர்ட்டில் அவள் பெயர், டி/ஓ (இன்னாரின் மகள்), அவள் அப்பா பெயர் எல்லாம் ஒரே வரியில் இருக்கிறது. அவர்கள் படிவத்தில் குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம். காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. சாய்கோடு போட்டால் ஏற்கவில்லை. இங்கே தந்த மதிப்பெண் பட்டியலில் டி/ஓ கிடையாது. இரண்டு பெயரையும் பார்த்து வேறு வேறு ஆள் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது?

அடுத்து பணம். சேமிப்பு முழுக்க என் கணவர் பெயரில் பிஓஎஸ்பி வங்கியில் இருக்கிறது. அது போதுமா? அவருடைய சிபிஎஃப் (மத்திய சேம நிதி) அறிக்கையையும் சேர்த்துக் காட்டலாமா?

கடைசியாக, ஏன் அங்கே படிக்க வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் கேட்கிறார்கள். அவள் எழுதியதைப் படித்தேன். புதிய பண்பாட்டை அறிய ஆவல், பார்வை விரிவடையும் என்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் போலிருந்தது. என் கணவர் துவாஸில் பல வருடமாக சிஎன்சி மெஷின் (கணினி வழி உலோகம் வெட்டும் இயந்திரம்) ஓட்டுகிறார், ஜெர்மன் மெஷின்தான். அவர் கொண்டுவரும் பழுதான உதிரிப் பாகங்களைக் கையில் வைத்துக்கொண்டு இது எப்படி வெட்டினது, அது ஏன் வீணாச்சு என்று கேட்டே வளர்ந்தவள். அதை எழுது என்றால் கூச்சப்படுகிறாள். எழுதலாமா?

பாஞ்சாங் தம்பி:

வணக்கம் ஆன்ட்டி. நானும் கோடைக்கால செமஸ்டருக்குத்தான் ஜெர்மனி போய் வந்தேன். என் பாஸ்போர்ட்டில் எஸ்/ஓ (இன்னாரின் மகன்).

பெயரை நான் இப்படிச் செய்தேன். முதல் பெயர் கட்டத்தில் என் பெயர், குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர், எஸ்/ஓ எதிலும் போடவில்லை. ஆனால் சமர்ப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட் பக்கத்தை இணைத்து அங்குள்ள சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, இப்படிப் போடலாமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தப் பதில்தான் முக்கியம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு மாதிரி சொல்லும். ஒரு முறை முடிவு செய்தால் காப்பீடு, விடுதி விண்ணப்பம் எல்லாவற்றிலும் அதே மாதிரி எழுதுங்கள். விசா படிவத்தில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி.

மதிப்பெண் பட்டியலுக்கு, இரண்டு பெயரும் ஒரே மாணவிதான் என்று அவள் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். அது போதவில்லை என்றால் சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரு பிரமாணப் பத்திரம் செய்யலாம். பெயரையே மாற்றும் ‘டீட் போல்’ என்ற சட்டப் பத்திரம் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். 2021 அக்டோபருக்கு முன் எடுத்தது ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். புதுப்பித்தால் எண்ணும் மாறிவிடும். அனுமதிக் கடிதம் பழைய எண்ணில் வந்தபின் மாற்றுவதைவிட முதலிலேயே புதுப்பித்துவிடுவது நல்லது.

பணம்: 90 நாளுக்கு மேல் என்பதால் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கும் தேசிய விசா வேண்டும். ராஃபிள்ஸ் பிளேஸ் தூதரகத்தில் நேரம் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் 75 யூரோ. செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வழக்கமான வழி, முடக்கப்பட்ட கணக்கு: முழுத் தொகையையும் முன்பே போட்டுவிட்டு, அங்கே போனபின் மாதாமாதம் எடுக்கும் வங்கிக் கணக்கு. 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 992 யூரோ காட்ட வேண்டும், வருடத்துக்கு 11,904. ஐந்து மாதம் தங்கினால் 4,960. கணக்கு மகள் பெயரில் இருக்க வேண்டும். அங்கிள் பணம் போடலாம், அவர் பெயரில் சேமிப்பு இருப்பது மட்டும் போதாது. கணக்கு திறக்கவே நாள் பிடிக்கும், அதனால் அனுமதிக் கடிதம் வந்ததும் தொடங்கிவிடுங்கள்.

சிபிஎஃப் வேண்டாம். எடுத்துச் செலவழிக்க முடியாத பணம் அது.

கிளமெண்டி அக்கா:

ஒரு பல்கலைக்கழகத்தில் பரிமாற்ற மாணவர் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி பெயரையும் பணத்தையும் நன்றாகச் சொல்லிவிட்டார், நான் கடிதத்துக்கு வருகிறேன்.

எழுதலாமா என்று கேட்கிறீர்களே அம்மா, அதைத்தான் எழுத வேண்டும். பண்பாடு, பார்வை என்று வரும் கடிதங்களைப் படித்துப் படித்து எங்களுக்கு எந்தப் பிள்ளை எது என்றே தெரியாமல் போகும். துவாஸில் அப்பா ஓட்டும் மெஷின், வீணான பாகத்தைப் பார்த்து அவள் கேட்ட கேள்வி, இந்த மாதிரி ஒரு கடிதம் வந்திருந்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? அப்பாவின் தொழிலைத் தெரிந்து வைத்திருக்கிற பிள்ளை.

ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. முதல் நான்கைந்து வரி அதற்குப் போதும். ஆகனில் 1906-இல் தொடங்கிய இயந்திரக் கருவி ஆய்வுக்கூடம் இருக்கிறது, உற்பத்திப் பொறியியலில் பெரிய பெயர். அப்பாவின் மெஷினில் வரும் எந்தப் பிரச்சினை அவளுக்கு இன்னும் புரியவில்லை? தேய்மானமா, அதிர்வா, வெப்பமா? அதைச் சொல்லித்தரும் பாடம் அவர்கள் பட்டியலில் எது? அந்தப் பாடத்தின் பெயரைக் கடிதத்தில் எழுதட்டும். இங்கே திரும்பி வந்து எந்தப் பாடத்தில் அது உதவும் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

மாட்யூல் மேப்பிங்கையும் (அங்குள்ள எந்தப் பாடம் இங்குள்ள எந்தப் பாடத்துக்கு ஈடு என்ற பட்டியல்) கடிதத்தோடு சேர்த்தே செய்யச் சொல்லுங்கள். கடிதத்தில் ஒரு பாடம், பட்டியலில் வேறு பாடம் என்றிருந்தால் உடனே கண்ணில் படும். ஐரோப்பாவில் ஒரு முழு செமஸ்டர் 30 ஈசிடிஎஸ் (ஐரோப்பியப் பாடப் புள்ளிகள்). தேவைக்கு மேல் இரண்டு மூன்று பாடங்களுக்கு இங்கேயே ஒப்புதல் வாங்கி வைப்பது பாதுகாப்பு. அங்கே அட்டவணை தாமதமாக வரும், சில பாடங்கள் ஜெர்மன் மொழியில் மட்டும் இருக்கும்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுத ஓடாதீர்கள். படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது என்று அவள் பல்கலைக்கழகம் தரும் கடிதத்தையே பெரும்பாலும் ஏற்பார்கள். அவர்கள் கேட்காமல் நோட்டரி, அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி தாளுக்குத் தரும் சான்று) செலவும் வேண்டாம். அப்போஸ்டில் கேட்டால் இங்கே சிங்கப்பூர் சட்டக் கழகம் தருகிறது.

உட்லண்ட்ஸ் அப்பா:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து: பிஆர் (நிரந்தரவாசி) பிள்ளைகள் என்றால் சிங்கப்பூருக்குத் திரும்ப வர உதவும் ரீ-என்ட்ரி பெர்மிட் திரும்பி வரும் தேதி வரை செல்லுமா என்று பாருங்கள். தேசிய சேவை முடித்த பையன்கள் இப்படி நீண்ட நாள் வெளிநாடு போவதைத் தெரிவிக்க வேண்டும்.

யீஷூன் அம்மா:

தம்பி, அக்கா, ஐயா, மூவருக்கும் ரொம்ப நன்றி. பாஸ்போர்ட் பழையதுதான், அடுத்த வருடம் முடிகிறது. இன்றிரவே புதுப்பிக்க விண்ணப்பிக்கிறோம். கடிதம் பற்றி அக்கா எழுதியதை மகளிடம் காட்டினேன். அதிர்வு பற்றித்தான் எழுத வேண்டும் என்றாள், அவள் அப்பாவிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள்.

தம்பி, ஒன்று மட்டும். ஆகஸ்ட்டில் இங்கே வகுப்பு தொடங்கிவிடுமே, அங்கே அதற்குள் எல்லாம் முடியுமா?

பாஞ்சாங் தம்பி:

நல்ல கேள்வி ஆன்ட்டி. வகுப்புகள் ஜூலையில் முடிந்துவிடும். ஆனால் அவர்கள் செமஸ்டர் செப்டம்பர் 30 வரை, இன்ஜினியரிங் தேர்வுகள் பல ஆகஸ்ட், செப்டம்பரில்தான் வரும். பாடம் தேர்வு செய்யும்போதே ஒவ்வொன்றுக்கும் தேர்வு எப்போது, எப்படி என்று பார்க்கச் சொல்லுங்கள். ப்ராஜெக்ட், அறிக்கை என்று முடியும் பாடங்கள் சுலபம். எழுத்துத் தேர்வு தாமதமாக இருந்தால், முன்கூட்டியே வாய்மொழித் தேர்வு வைக்க முடியுமா என்று பேராசிரியரிடம் செமஸ்டர் தொடக்கத்திலேயே கேட்கலாம். எனக்கு இரண்டு பேர் சம்மதித்தார்கள், ஒருவர் முடியாது என்றார். அந்தப் பாடத்தை முதல் வாரத்திலேயே மாற்றிக்கொண்டேன், கூடுதலாக ஒப்புதல் வாங்கி வைத்திருந்ததால் முடிந்தது.