வெளியீட்டு நிறுவனம் தரும் முன்பணத்தை ஏற்கலாமா?

கோத்தகிரி மூவர்:
நாங்கள் மூவரும் கோத்தகிரியில் ஒரு மாடியறையில் அமர்ந்து, இரண்டு ஆண்டுகளாகக் கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறோம். கல்லாறிலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் மலை ரயிலில், எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, தன் பெட்டியின் பிரேக்கைக் கவனிக்கும் ஊழியராக ஆடுபவர் இருப்பார். வெளிநாட்டு வெளியீட்டு நிறுவனம் ஒன்று 10 லட்சம் ரூபாய் முன்பணம் தந்து, அதை மீட்டபின் வருவாயைச் சரிபாதியாகப் பிரிக்கலாம் என்கிறது. கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் 100 டாலர் கட்டி நாங்களே வெளியிடலாம் எனும்போது, இதற்கு உடன்படுவது சரியா?

குன்னூர் கணக்கர்:
தம்பிகளே, அந்த 100 டாலரும் விளையாட்டு 1,000 டாலர் ஈட்டியதும் திரும்பிவிடும். ஆகவே கடையில் ஏற்றுவது பெரிய செலவன்று. கன்சோல்கள் எனும் விளையாட்டுக் கருவிகளுக்கு ஏற்ப மாற்றுதல், பிழை சோதனை, மொழிபெயர்ப்பு, விளம்பரம் ஆகியவற்றில் எவற்றைச் செய்வோம் என்று அந்நிறுவனம் எழுதித் தருகிறதோ, அவற்றுக்குத்தான் நீங்கள் பாதி வருவாயை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

முன்பணம் எதிலிருந்து மீட்கப்படும் என்பதே முக்கியம். ஸ்டீம் முதலில் 30 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். மீதியைப் பாதியாகப் பிரிக்கும் முன்பே அதிலிருந்து நேரடியாக மீட்டால், ஏறத்தாழ 14.3 லட்சம் ரூபாய் விற்பனைக்குப் பின் உங்களுக்குப் பணம் வரத் தொடங்கும். உங்கள் பாதியிலிருந்து மட்டுமே மீட்பதென்றால், 28.6 லட்சம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அவர்கள் தந்த 10 லட்சம் இரட்டிப்பாக அவர்களிடம் சேர்ந்திருக்கும். 'மீட்டபின்' என்ற ஒரு சொல் இந்த வேறுபாட்டைச் சொல்லாது. விளம்பரச் செலவையும் மீட்புக் கணக்கில் சேர்ப்பார்களானால், அதற்கு உச்ச வரம்பு கேளுங்கள்.

பழனிமலை வாசி:
கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். நான் ஒப்பமிட்ட வெளியீட்டாளர், பெயர் வேண்டாம், பணியை இடையில் நிறுத்திவிட்டார்; உரிமை என்னிடம் திரும்பும் என்ற விதி ஒப்பந்தத்தில் இல்லாததால், என் விளையாட்டை நானே விற்க முடியாமல் கிடக்கிறேன். குறித்த மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் எல்லா உரிமையும் உங்களுக்கே திரும்ப வேண்டும். பாத்திரங்களும் அடுத்த பாகங்களும் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். உருவாக்கியவர்க்குப் பெயரும் பங்கும் இல்லாத குறை பழையது. 1979இல் அமெரிக்க விளையாட்டு நிறுவனமான அட்டாரியின் நிரலாளர்கள் சிலர் வெளியேறி ஆக்டிவிஷன் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

ஆனால் துணிந்தால் தனியாகவும் முடியும். கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சொல்லும் வெண்பா என்ற விளையாட்டை, உருவாக்கிய விசை கேம்ஸே 2023இல் வெளியிட்டது. மறு ஆண்டு அது முதல் படைப்புக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருதையும் பெற்றது.

கோத்தகிரி மூவர்:
நன்றி ஐயா, அண்ணா. ஒப்பந்தத்தை மீண்டும் படித்தோம். எங்கள் பாதியிலிருந்தே மீட்பு என்று 9ஆம் பக்கத்தில் இருக்கிறது. பிரிக்கும் முன்னுள்ள மொத்த வருவாயிலிருந்து மீட்கவும், உரிமை திரும்பும் விதியைச் சேர்க்கவும் இன்று எழுதிக் கேட்கிறோம். மறுத்தால், மழைக்காலம் முடிவதற்குள் முதல் மூன்று நிலையங்களை மட்டும் முன்னோட்டமாக ஸ்டீமில் வெளியிடுவோம்.