தைமஸ் சுரப்பி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதமாகச் செயல்படுகிறதா?

உயிரியல்_மாணவர்:
மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் பருவ வயதுக்குப் பிறகு சுருங்கிக் கொழுப்பாகிவிடும் என்றே கல்லூரியில் படித்தோம். நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோயாளிகளில் பத்தில் சுமார் ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கான காரணம், நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்கள் முதிர்ச்சியடையும் இந்தச் சுரப்பியிலேயே இருக்கிறதா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஆய்வகவாசி:
ஒரு பகுதி காரணம் அங்கே இருக்கிறது. தைமஸின் உட்பகுதியில் உள்ள எபிதீலியச் செல்கள், இன்சுலின் போன்று பிற உறுப்புகளுக்கே உரிய புரதங்களைச் சிறிதளவு தயாரித்து, வளரும் டி செல்களுக்குக் காட்டுகின்றன. அவற்றை வலுவாகப் பற்றிக்கொள்ளும் டி செல்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன, அல்லது பிற செல்களை அடக்கிவைக்கும் டி செல்களாக மாறுகின்றன. இப்புரதங்களில் பலவற்றின் உற்பத்தியைத் தூண்டுவது ஏஐஆர்இ என்ற மரபணு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இம்மரபணுவின் செயல்பாட்டைக் குறைக்கிறது என்றும், டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களான ஆண்ட்ரோஜன்கள் அதைக் கூட்டுகின்றன என்றும் 2016இல் இரு ஆய்வுகள் வெளியாயின. பருவமடைந்த பெண்களின் தைமஸில் அதன் அளவு ஆண்களைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே உடலையே தாக்கக்கூடிய சில டி செல்கள் பெண்களிடம் வடிகட்டலுக்குத் தப்பிவிட வாய்ப்பு அதிகம்.

தைமஸ் சுருங்குவது பருவ வயதில் தொடங்குவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி, பருவ வயதில் வேகமெடுக்கிறது.

கிண்டி_வாசகர்:
புதிதாக உருவாகும் டி செல்களின் எண்ணிக்கையிலும் வேறுபாடு உண்டு; ஆண் ஹார்மோன் குறைந்தால் அது கூடுகிறது. விரை நீக்கப்பட்ட முயல்களின் தைமஸ் பெரிதாக இருப்பதைக் கால்சோலாரி என்ற ஆய்வாளர் 1898இலேயே பதிவு செய்தார். புராஸ்டேட் புற்றுநோய்க்காக டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் மருந்து பெற்ற முதியவர்களின் ரத்தத்திலும் புதிய டி செல்கள் கூடின. டி செல் உருவாகும்போது வெட்டி நீக்கப்படும் டி.என்.ஏ. துண்டு, சிறு வளையமாகச் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும்; அதை அளந்து பார்த்தால், ஒரே வயதுடைய ஆண்களைவிடப் பெண்களிடம் சராசரியாக அதிகமாக இருக்கிறது. கூடுதல் உற்பத்தியும் சற்றுத் தளர்ந்த வடிகட்டலும் பெண்களிடம் சேர்ந்தே அமைவதுதான், என் பார்வையில், இதில் மிகவும் கவனிக்கத்தக்கது.

ஆய்வகவாசி:
ஆனால் லூபஸுக்கு ஹார்மோனை மட்டும் காரணமாக்குவது சரியாகாது. ஒரு எக்ஸ் கூடுதலாக உள்ள எக்ஸ்எக்ஸ்ஒய் குரோமோசோம் கொண்ட ஆண்களுக்கு, அதாவது டெஸ்டோஸ்டிரோன் பொதுவாகக் குறைந்திருந்தாலும் ஆணுடலே கொண்டவர்களுக்கு, லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடச் சுமார் 14 மடங்கு. எக்ஸ் குரோமோசோமில் உள்ள, நோய் எதிர்ப்பைத் தூண்டும் டிஎல்ஆர்7 மரபணு, பெண்களின் சில நோய் எதிர்ப்புச் செல்களில் இரு பிரதிகளிலிருந்தும் செயல்படுகிறது. அது தைமஸுக்கு வெளியே நடப்பது.

உயிரியல்_மாணவர்:
மிக்க நன்றி. அப்படியானால் தசைகள் பலவீனமாகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய்க்குத் தைமஸையே நீக்குவது ஏன்?

கிண்டி_வாசகர்:
இளம் வயதில் வரும் மயஸ்தீனியா பெண்களிடமே அதிகம். அவர்களில் பலரது தைமஸுக்குள் பி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் திரண்டு, தசையில் நரம்பின் சைகையைப் பெறும் அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. சுரப்பியை நீக்கினால் அந்த உற்பத்தி மையம் குறைகிறது. 2016இல் வெளியான சோதனையில், அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு நோயின் கடுமையும், நோய் எதிர்ப்பை அடக்கும் பிரட்னிசோன் மருந்தின் தேவையும் குறைந்தன. ஐம்பது வயதுக்குப் பின் தொடங்கும் மயஸ்தீனியா ஆண்களிடம் அதிகம் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.