ஃபேத்தனின் சகோதரிகள் பாப்லரா, ஆல்டரா?

நூலகவாசி:
கிரேக்கப் புராணத்தில் சூரியதேவனின் மகள்களான ஹீலியாடிஸ் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். சூரியனின் தேரை ஓட்டப்போய், தேவர்களின் அரசன் ஸியூஸின் இடி தாக்கி எரிடானஸ் ஆற்றில் விழுந்த தம்பி ஃபேத்தனுக்காக அழுதே மரமானவர்கள். ஒரு நூலில் பாப்லர், இன்னொன்றில் ஆல்டர். எதை எடுத்துக்கொள்வது? அவர்களின் கண்ணீர் அம்பர் (இறுகிய மரப்பிசின்) ஆனதாகச் சொல்வது எங்கிருந்து வந்தது?

பழஞ்சுவடி:
இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ரோமக் கவிஞர் வர்ஜிலே ஆறாம் ஆயர்பாடலில் ஆல்டர் என்கிறார், தன் காவியமான ஈனீட் 10ஆம் காண்டத்தில் பாப்லர் என்கிறார். கிரேக்கக் கவிஞர் அப்பல்லோனியஸும் பாப்லர்தான். ஆனால் ரோமக் கவிஞர் ஓவிட் (உருமாற்றக் கதைகளின் காவியமான மெட்டமார்ஃபசிஸ், காண்டம் 2, வரி 340–366) மரத்தின் பெயரைச் சொல்வதே இல்லை. 'ஓவிட் சொன்ன பாப்லர்' என்று எழுதிவிடாதீர்கள்.

ஓவிடிடம் மாற்றம் நடக்கும் வரிசையைக் கவனியுங்கள். நான்கு பௌர்ணமி அழுகிறார்கள். மூத்தவள் ஃபேத்தூசாவுக்கு முதலில் கால் விறைக்கிறது. அவளிடம் போக எழுந்த லாம்பெட்டியை வேர் பிடித்துக்கொள்கிறது. மூன்றாமவள் தலைமயிரைப் பிய்க்கப்போக, கையோடு வருவது இலை. பட்டை இடுப்பு, மார்பு, தோள் என ஏறி, வாய் மட்டும் மிஞ்சுகிறது. தாய் கிளிமெனி மகள்களை இழுத்துக் காப்பாற்றப் பார்க்கிறாள். இளங்கிளைகள் ஒடிந்து ரத்தம் சொட்டுகிறது. 'வேண்டாம் அம்மா, கிழிவது என் உடம்பு' என்கிறார்கள். அந்தச் சொல்லோடு பட்டை வாயை மூடிவிடுகிறது. எனக்குத் தெரிந்து அந்தக் காண்டத்தில் இதைவிடக் கொடிய இடம் இல்லை.

மரப்பிசின்:
பாப்லர் மரத்திலிருந்து அம்பர் கிடைக்காது. பழங்கால ஊசியிலை மரங்களின் பிசின் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து இறுகியதே பால்டிக் அம்பர். பால்டிக் கரையிலிருந்து தரைவழியாக ஏட்ரியாடிக் முனையில் உள்ள அக்விலேயாவுக்கு அது வந்தது. எரிடானஸை இத்தாலியின் போ நதி என்று கொண்டதற்கும் இந்த வணிகம் பொருந்துகிறது. ரோம எழுத்தாளர் பிளினி தன் இயற்கை வரலாற்றின் 37ஆம் புத்தகத்திலேயே இந்தக் கண்ணீர்க் கதையைக் கண்டிக்கிறார். ஓவிடிடம் கண்ணீரை இறுக வைப்பது வெயில், அதாவது அவர்களின் தகப்பனே. இதைக் கட்டுரையில் விடாதீர்கள்.

பழஞ்சுவடி:
சகோதரனுக்காக அழுது உருமாறியவர்களில் குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னும் இரண்டு: வீரன் மெலியேகரின் சகோதரிகள் கினிக்கோழிகள் ஆனார்கள், ஹயாஸின் சகோதரிகளான ஹயாடிஸ் விண்மீன்கள் ஆனார்கள். மரமான இன்னொருத்தி வேண்டுமானால் மெட்டமார்ஃபசிஸ் 9ஆம் காண்டத்தின் டிரையோபியைச் சேருங்கள். குழந்தைக்குப் பூப்பறித்துக் கொடுத்ததற்காக மரமானவள் அவள். தங்கை அயோலி அடிமரத்தைக் கட்டிக்கொண்டு தடுக்கப் பார்க்கிறாள். தானும் அதே பட்டைக்குள் மறைந்துவிட ஆசைப்பட்டதாகச் சொல்கிறாள். இருவருக்கும் தாய் வேறு என்பதையும் குறிப்பிடுங்கள்.