புதுப்பிப்பு: படப்புத்தகத்தில் எழுத்து நிழலடித்த சிக்கல் தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: கும்பகோணம் மகாமகக் குளம் பற்றிய எங்கள் சிறுவர் படப்புத்தகம், 24 பக்கம், சோதனை அச்சில் எழுத்தோரமெல்லாம் சிவப்பும் நீலமுமாய் நிழலடித்தது. யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

தாளை மாற்றிப் பார்த்தோம், காசு போனதுதான் மிச்சம். “கறுப்பு நாலு வண்ணமும் கலந்து வந்திருக்கும், பாருங்க” என்றவர் சொன்னதே சரி. அச்சு மையின் நாலு வண்ணத்துக்கும் (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) தனித்தனி பிளேட், அதாவது அச்சுத் தகடு; அதில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் நிழல் விழுந்துவிடும். எழுத்தை வெறும் கறுப்பு 100 சதவீதமாக்கி, படத்தில் எழுத்துக்கென இடம் வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகும்படி ஓவர்பிரிண்ட் கொடுத்தோம். இப்போது ‘ஞ’வின் சுழிகூடத் துல்லியம்.

எதிர்பாராதது ஒன்று. இரண்டாம் சோதனைத் தாளைப் பார்த்த அச்சகப் பெரியவர் விரல்விட்டு எண்ணி, “குளத்தைச் சுத்தி 16 மண்டபமாச்சே தம்பி, இதுல 15தான் இருக்கு” என்றார். ஓவியர் அன்றிரவே இன்னொன்று கட்டிக் கொடுத்துவிட்டார்.