மிஞ்சின மாட்டுக்கறி ஒன்றரை கிலோ: சூடு பண்ணினா ரப்பரா போகுது, என்ன பண்ணலாம்?

அரைவேக்காடு:
சனிக்கிழமை ராத்திரி பத்துப் பேர் வர்றதா இருந்தது. வந்தது நாலு பேர். ஒன்றரை கிலோ கறி அப்படியே மிஞ்சிப்போச்சு. ரெண்டு விதமா இருக்கு. ஒண்ணு, தொடைக்கறி, முழுத் துண்டா ஓவன்ல ரோஸ்ட் பண்ணினது, நடுவுல இன்னும் லேசா சிவப்பு. இன்னொண்ணு, கால்கறி, எலும்போட சின்னத் தீயில மூணு மணி நேரம் வேகவெச்சது. ரெண்டுலயும் உப்பு, மிளகு, வெங்காயம் தவிர எதுவும் போடலை.

சாப்பிட்டு முடிச்சதும் ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டேன். நேத்து ரோஸ்ட்டை மைக்ரோவேவ்ல வெச்சு எடுத்தா, செருப்புத் தோல் தோத்தது. கூடவே ஒரு பழைய வாடை. பையன் மோந்து பாத்துட்டு, "முந்தாநாள் சாப்பிட்ட அதே மாடா இது?"ங்கறான். உருப்படியா ஏதாவது சொல்லுங்க.

மிக்ஸிராணி:
எல்லாத்தையும் மிக்ஸில அடிச்சு, உருளைக்கிழங்கு பிசைஞ்சு போட்டு கட்லெட். முடிஞ்சது கதை.

அடுப்படிக்கணக்கு:
மிக்ஸிராணி கோவிச்சுக்கக் கூடாது, வெந்த கறியை மிக்ஸில போட்டா பசையாயிடும். கட்லெட்டைக் கடிச்சா கறி பல்லுல தட்டுப்படணும். கத்தியால பொடியாக் கொத்துங்க.

அரைவேக்காடு, உங்ககிட்ட இருக்கிறது ஒரே கறின்னு நினைக்கிறீங்க, அங்கேதான் சிக்கல். ரெண்டுக்கும் குணமே வேற. கால்கறில ஜவ்வு ஜாஸ்தி. மணிக்கணக்கா வேகும்போது அந்த ஜவ்வு கரைஞ்சு கூழாகும். ஆறினா பாத்திரத்துல குழகுழன்னு உறைஞ்சு நிக்குமே, அதுதான். அதனால கால்கறி மறு சூட்டைத் தாங்கும். தொடைக்கறில கரையறதுக்குப் பெரிசா ஜவ்வு இல்லை. இருக்கிறது ஈரம்தான். சூடு ஏற ஏற நார் இறுகி அந்த ஈரத்தைப் பிழிஞ்சு தள்ளிடும். நானும் ஒரு தடவை ரோஸ்ட்டைக் குழம்புல போட்டு, "கொதிக்கக் கொதிக்க மெத்துன்னு ஆயிடும்"னு ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டு நின்னேன். கொதிச்சுது, கூடவே கல்லாச்சு. குழம்பை மட்டும் சாப்பிட்டோம்.

அதனால ரோஸ்ட்டை இனிமே அடுப்புல ஏத்தாதீங்க. ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த ஜில்லுலயே வெட்டுங்க. அப்பதான் காகிதம் மாதிரி மெலிசா வரும். நார் ஓடுற திசையைப் பாத்து, அதுக்குக் குறுக்கே கத்தியை வைக்கணும். நீளவாக்குல வெட்டினா எவ்வளவு மெலிசானாலும் மெல்லணும். அதுல எலுமிச்சைச் சாறு, வெங்காயம், வெள்ளரிக்காய், பச்சை மிளகாய், கைநிறைய மல்லித்தழை போட்டுப் பிசறினா போதும். சூடா வேணும்னா, வெந்த நூடுல்ஸ் மேல மெலிசுத் துண்டுகளைப் பரப்பி, தளதளன்னு கொதிக்கிற எலும்புச் சாறை ஊத்துங்க. அந்தச் சூடு போதும்.

அந்தப் பழைய வாடை கெட்டுப்போனதால வர்றது இல்லை. வெந்த கறில இருக்கிற இரும்புச்சத்தும் காத்தும் சேர்ந்து கொழுப்பை மாத்திடுது, சூடு பண்ணினதும் அது தூக்கலாத் தெரியுது. கறியை அதோட சாறுலயே முக்கி, இறுக மூடி வெச்சா ரொம்பக் குறையும். இந்த வாரத்துக்கு பூண்டும் எலுமிச்சையும் மறைச்சுடும்.

கால்கறியைப் பத்தி கேக்கவே வேண்டாம், எனக்குப் புதுக் கறியைவிட அதுதான் பிடிக்கும். கையால நார்நாரா உதிர்த்துக்கோங்க. அகலமான இரும்புச் சட்டில எண்ணெய் ரெண்டு ஸ்பூன், நல்லா காய்ஞ்சதும் கறியைப் பரப்பிட்டு கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. கிளறக் கூடாது. நாலு நிமிஷத்துல அடி மொறுமொறுன்னு ஆகும். புரட்டி, வெங்காயத்தைப் போட்டு, உறைஞ்ச சாறுல ரெண்டு கரண்டி விட்டா, அது வத்தி கறி மேல பளபளன்னு ஒட்டிக்கும். முதல் நாளே வேகவெச்ச உருளைக்கிழங்கு இருந்தா அதையும் துண்டு போட்டு இதோட முறுக விடலாம், மேல ஒரு முட்டை. கியூபாவுல இதே உதிர்த்த கறியைத் தக்காளியும் குடைமிளகாயும் போட்டு வதக்கி 'ரோப்பா வியேஹா'ம்பாங்க. ஸ்பானிஷ்ல 'பழந்துணி'ன்னு அர்த்தம். பேர்தான் கந்தல்.

தேதிபாக்கிறவன்:
சமையல் பத்திச் சொல்ல எனக்கு ஒண்ணுமில்லை. சனி ராத்திரின்னா இன்னிக்கு செவ்வாய், மூணு நாள் ஆச்சு. வெந்த கறிக்கு ஃப்ரிட்ஜ்ல மூணு, நாலு நாள்தான் கணக்கு. நாளைக்குள்ள தீராதுன்னு தோணுறதை இன்னிக்கே ஃப்ரீஸருக்கு மாத்துங்க. சாறோட சின்னச் சின்னப் பையில தட்டையா. ரெண்டு மூணு மாசம் ருசி குறையாம இருக்கும். சூடு பண்றதா இருந்தா உள்ளே 74 டிகிரி வரணும். அரையும் குறையுமா வெதுவெதுப்பா வேண்டாம். நேத்து மைக்ரோவேவ்ல வெச்சதுல மீதி இருந்தா திரும்ப எடுத்து வைக்காதீங்க.

மிக்ஸிராணி:
சரி, கத்தியே வெச்சுக்கோங்க. ஆனா கிழங்கு கறியைவிடக் கம்மியா இருக்கணும், இல்லேன்னா அது உருளைக்கிழங்கு கட்லெட். கறி ஏற்கெனவே வெந்ததுதான், அதனால வெளியே சிவந்து உள்ளே சூடேறினா எடுத்துடலாம்.

அரைவேக்காடு:
செவ்வாய் ராத்திரி நிலவரம். கால்கறில பாதியை முறுக விட்டேன். கிளறாம நிக்கிறதுதான் கஷ்டமா இருந்தது, ரெண்டு தடவை கரண்டியைக் கீழே வெச்சேன். தட்டுக்கு வந்தது கொஞ்சம்தான். அடுப்புப் பக்கத்துலயே நின்னு ஆளாளுக்குப் பொறுக்கித் தின்னுட்டாங்க. மீதிப் பாதி சாறோட ஃப்ரீஸர்ல, மூணு பை.

ரோஸ்ட்ல முதல் பத்துத் துண்டை நீளவாக்குல வெட்டிட்டேன். நார் எந்தப் பக்கம்னு ஜில்லுல சரியாத் தெரியலை. அதையெல்லாம் பொடியாக் கொத்தி நாளைக்குக் கட்லெட்டுக்கு வெச்சுட்டேன், மிக்ஸிராணி ஜெயிச்சாச்சு. மத்ததை எலுமிச்சையில பிசறினேன். பையன் இன்னொரு தடவை வாங்கிக்கிட்டு, "இது வேற மாடுதானே?"ன்னு கேட்டான். ஆமான்னுட்டேன்.