குழந்தைகளுக்குக் கிரேக்கப் புராணம்: செய்து பார்த்த அனுபவங்களைச் சொல்லுங்கள்

வெம்ப்ளி அம்மா:

இங்கே இங்கிலாந்தில் 7 வயதிலிருந்து 11 வயதுக்குள் பிள்ளைகளுக்குப் பண்டைய கிரேக்கம் கட்டாயப் பாடம். நான் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருப்பதால் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்கிறேன், வீட்டிலும் என் இரண்டு பேரோடு செய்கிறேன். கிரேக்கக் கடவுளரின் தலைவர் ஜீயஸ் படத்தை அச்சடித்துக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஜீயஸின் தாடி மட்டும்தான் நினைவில் நிற்கும். கதையில் இருக்கிறவருக்கு என்ன சிக்கல் வந்ததோ அதே சிக்கலைப் பிள்ளை கையில் கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் கதை உள்ளே போகிறது. உங்கள் வீட்டில், வகுப்பில் செய்ததைச் சொல்லுங்கள், நான் இகாரஸிலிருந்து தொடங்குகிறேன்.

கதை தெரிந்ததுதான். கிரீட் தீவில் அடைபட்டுக் கிடந்த கைவினைஞர் டீடலஸ், இறகுகளை நூலாலும் மெழுகாலும் இணைத்து மகன் இகாரஸுக்கும் தனக்கும் சிறகு செய்கிறார். ரொம்ப உயரப் போகாதே, சூரியன் மெழுகை உருக்கிவிடும் என்று அவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். ரொம்பத் தாழவும் போகாதே, கடல் தண்ணீர் பட்டு இறகு கனத்துவிடும் என்றும் சொன்னார், அதை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம், செய்துபார்க்க விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஆளுக்கொரு அட்டைச் சிறகு. கைவினைக் கடையில் விற்கிற இறகுகள். மெழுகுவர்த்தியைச் சாய்த்துச் சொட்டுவிடுவது நான், சூடு ஆறுவதற்குள் இறகை வைத்து அழுத்துவது பிள்ளைகள். ஆறினதும் சிறகைச் சுவரில் மாட்டிவிட்டு, ஒரு குழுவிடம் முடி உலர்த்தியும் (அதுதான் சூரியன்) இன்னொரு குழுவிடம் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற புட்டியும் (அது கடல்) கொடுத்தோம். உலர்த்தியைத் தள்ளிப் பிடித்தால் ஒன்றும் ஆகவில்லை. கிட்டே கொண்டுபோகப் போக மெழுகு முதலில் பளபளவென்று ஈரமாகிறது, அப்புறம் ஒரு இறகு மெதுவாகச் சாய்கிறது, அதைப் பார்த்ததும் வகுப்பே “போதும், போதும், கீழே வா” என்று கத்துகிறது, யாரும் கத்தச் சொல்லவில்லை. தண்ணீர்ப் பக்கத்தில் இறகெல்லாம் ஒட்டிக்கொண்டு ஈர்க்குச்சி மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கதையின் கடைசியைச் சொன்னேன். ரோமானியக் கவி ஓவிட் பாடும்போது, மகனுக்குச் சிறகு மாட்டிவிடுகிற அப்பாவின் கை நடுங்கியது, கன்னம் நனைந்தது என்று ஒரு இடம் வரும். எட்டு வயதுப் பிள்ளைகள் அந்த இடத்தில் அப்படியே அமைதியாகிவிட்டார்கள். பையன் இறந்துவிட்டான் என்பதை நான் மறைப்பதில்லை. அவன் விழுந்த கடலுக்கு இகாரியக் கடல் என்று அவன் பெயரே நின்றுவிட்டது, பக்கத்தில் இகாரியா என்று தீவும் இருக்கிறது. வரைபடத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால் அவர்களாகவே தேடிப் பிடிக்கிறார்கள்.

நூலகத் தன்னார்வலர், டொரொண்டோ:

அக்கா, அந்தத் தண்ணீர்ப் புட்டி யோசனையை எடுத்துக்கொள்கிறேன். நான் சனிக்கிழமைகளில் நூலகத்தில் சிறுவர்களுக்குக் கதை சொல்கிறேன். எங்களுடையது தீசியஸும் மினோடாரும்: கிரீட்டில் சுழல்வழிக்குள் அடைபட்ட மினோடார் என்ற காளைத்தலை மனிதனைக் கொல்லப் போகும் தீசியஸுக்கு, திரும்பி வர வழி தெரிய அரியாட்னி நூல் கொடுக்கிற கதை.

முதலில் சுழல்வழி வரையச் சொல்லிக்கொடுப்பேன். நடுவில் ஒரு கூட்டல் குறி. நாலு மூலையிலும் ‘ட’ எழுத்தைத் திருப்பித் திருப்பிப் போடணும், அதன் முக்கு நடுவைப் பார்த்து இருக்கணும். அதற்கும் வெளியே மூலைக்கொரு புள்ளி. இப்போது கூட்டல் குறியின் மேல் நுனியை வலப்பக்கம் அடுத்திருக்கிற நுனியோடு ஒரு சின்ன வளைவால் இணைக்க வேண்டும், பிறகு இடப்பக்கம் அடுத்த நுனியை எடுத்து முதல் வளைவுக்கு மேலே வளைத்து வலப்பக்கத்து அடுத்த நுனிக்குக் கொண்டுவர வேண்டும், இப்படியே மாற்றி மாற்றி, புள்ளிகளையும் சேர்த்து, எட்டு வளைவு போட்டால் ஏழு சுற்றுப் பாதை தானாக வந்துவிடும். கோலம் போட்டுப் பழகின வீட்டுப் பிள்ளைகளுக்குக் கை உடனே பிடித்துக்கொள்கிறது. கிரீட்டில் இருந்த க்னோசஸ் நகரத்தின் பழைய நாணயங்களில் இதே வடிவம்தான் இருக்கிறது. நம்மூரில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தரையில் கல் அடுக்கிச் செய்திருக்கும் ஏழுசுத்துக் கோட்டையும் இதே அமைப்பு. அந்தப் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் முகம் மலர்ந்துவிடும்.

வரைந்து விரலால் தடவிப் பார்த்த ஒரு சிறுமி கேட்டாள், “இதுல ஒரே ஒரு வழிதானே இருக்கு, வழி தப்பவே முடியாதே, அப்புறம் எதுக்கு அரியாட்னி நூல் கொடுத்தா?” உண்மைதான். நாணயத்தில் இருக்கிற வடிவத்தில் கிளையே கிடையாது. நான் பதில் சொல்லாமல் மற்றவர்களைக் கேட்டேன். உள்ளே இருட்டாக இருந்திருக்கும் என்றான் ஒருவன். நூல் பிடித்திருந்தால் வெளியே ஒருத்தி காத்திருக்கிறாள் என்று தெரியும், அதற்காகத்தான் என்றாள் கேட்டவளே. அதைவிட நல்ல விளக்கம் எனக்கு எந்தப் பெரியவரும் சொன்னதில்லை.

அப்புறம் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, போர்வை மூடி, கம்பளி நூல் உருண்டையோடு உள்ளே அனுப்புவோம். மினோடார் வேஷம் போட ஒரு ஆள் வேண்டும். போன முறை மினோடாராக இருந்த பையன் வெளியே வந்து “எனக்குப் பேர் இல்லையா?” என்றான். இருக்கிறது, ஆஸ்டீரியஸ். அதைச் சொன்னதிலிருந்து எங்கள் குழுவில் யாருக்கும் அவனைக் கொல்ல மனசில்லை. கொல்லத்தான் வேண்டுமா என்று பேசுவதற்கே பாதி நேரம் போய்விடுகிறது, நான் தடுப்பதில்லை.

ஏதென்ஸ் அப்பா:

நான் வேலை நிமித்தம் ஏதென்ஸில் இருக்கிறேன், மகள் இங்கே உள்ளூர்ப் பள்ளிக்குப் போகிறாள். இந்த நாட்டில் மூன்றாம் வகுப்பு வரலாற்றுப் பாடமே புராணத்தில்தான் தொடங்குகிறது. கடவுளர்கள், ஹெராக்ளிஸ், தீசியஸ், டிராய் போர், ஒடிசியஸ் என்று வருடம் முழுக்க ஓடும். ஹெர்குலிஸ் என்று நாம் சொல்வது ரோமானியர் வைத்த பெயர், இங்கே அப்படிச் சொன்னால் மகள் திருத்துவாள்.

ஒலிம்பியாவில் ஜீயஸ் கோயிலில் ஹெராக்ளிஸின் 12 சாகசங்களையும் கல்லில் செதுக்கி வைத்திருந்தார்கள், கிமு 460 வாக்கில் செய்தவை, இப்போது பெரும்பகுதி அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒன்றை மகள் விட்டு நகரவே இல்லை. வழக்கமாக வானத்தைச் சுமக்கிற அட்லஸ், ஹெராக்ளிஸுக்காகக் கொண்டுவந்த தங்க ஆப்பிள்களை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பதிலாக வானத்தைச் சுமப்பவர் ஹெராக்ளிஸ், தோளில் மெத்தை மாதிரி மடித்த சும்மாடு. பின்னால் அத்தீனா தேவி ஒரே ஒரு கையைச் சும்மா உயர்த்தி வானத்தைத் தாங்குகிறாள், முகத்தில் ஒரு சிரமமும் இல்லை. கதையிலும் சும்மாடுதான் தந்திரம். வானத்தை இனி நீயே வைத்துக்கொள் என்று அட்லஸ் சொன்னதும், சரி, சும்மாடு வைத்துக்கொள்கிறேன், ஒரு நிமிஷம் பிடி என்று அவர் தலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு ஆப்பிளோடு நடையைக் கட்டுகிறார்.

வீட்டுக்கு வந்து குளிர்பதனப் பெட்டி வந்த பெரிய அட்டையை நட்சத்திரம் ஒட்டி வானமாக்கினோம். அதன்மேல் புத்தகங்கள். ஒருத்தர் சுமப்பது, கை வலித்ததும் பேசியே அடுத்தவர் தலையில் கட்டுவது. பொய் சொல்லக் கூடாது, ஆனால் ஏமாற்றலாம் என்பது மகள் போட்ட விதி. அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு இதை எத்தனை நேரம் விளையாடினார்கள் என்று கேட்காதீர்கள்.

ஏதென்ஸ் வருகிறவர்கள் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளோடு பாருங்கள். பழைய சிற்பங்களோடு, லெகோ கட்டைகளால் கட்டிய முழு அக்ரோபோலிஸும் (குன்றின்மேல் இருக்கிற பழைய கோயில் வளாகம்) அங்கே இருக்கிறது. 2014இல் சிட்னியிலிருந்து அன்பளிப்பாக வந்தது.

புது அம்மா:

எல்லாம் படிக்க ஆசையாக இருக்கிறது. என் பையனுக்கு ஐந்து வயதுதான். ஜீயஸின் அப்பா குரோனஸ் தன் பிள்ளைகளையே விழுங்குகிற கதையெல்லாம் சொன்னால் பயப்பட மாட்டானா? இன்னொன்று, வீட்டில் மாமியார் கேட்கிறார், நம் சாமிக் கதையே முழுசாகத் தெரியாத பிள்ளைக்கு இதெல்லாம் குழப்பம் இல்லையா என்று. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நூலகத் தன்னார்வலர், டொரொண்டோ:

குரோனஸ்தான் ஐந்து வயதுக்கு மிகச் சரியான கதை தோழி! பழைய கால் உறை ஒன்றில் கண் வரைந்து வாய் தைத்து விடுங்கள், அவன்தான் குரோனஸ். அவன் விழுங்கின பிள்ளைகளுக்கு ஐந்து பெரிய பொத்தான்கள்: ஹெஸ்டியா, டிமீட்டர், ஹேரா, ஹேடீஸ், பொசைடன். ஆறாவது ஜீயஸ். அவனை அம்மா ரேயா ஒளித்துவிட்டுக் கல்லைத் துணியில் சுற்றிக் கொடுக்கிறாள். பையனே துணி சுற்றட்டும், பையனே ஊட்டட்டும். பிறகு கால் உறையைக் கவிழ்த்து உலுக்கினால் எல்லாம் வெளியே வரும். பண்டைய கிரேக்கக் கவி ஹெசியட் சொல்கிறபடி கடைசியாகப் போன கல்தான் முதலில் வந்தது, அந்தக் கல்லைக் கிரேக்கர்களின் புனிதத் தலமான டெல்ஃபியில் வைத்திருந்தார்கள். எங்கள் குழுவில் பயந்தவர் யாரும் இல்லை, மறுபடியும் விழுங்கு என்றுதான் கேட்கிறார்கள். எல்லோரும் முழுசாக, சேதாரமில்லாமல் வெளியே வருகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜீயஸின் காதல் விவகாரங்கள், மெடூசாவுக்கு நேர்ந்த கொடுமை இவற்றை நான் சின்னவர்களிடம் எடுப்பதே இல்லை. அதற்கு வயது வரும்.

வெம்ப்ளி அம்மா:

மாமியார் கேட்டது நியாயமான கேள்வி, அவரையும் கதை சொல்ல உட்கார வையுங்கள் என்பதுதான் என் பதில். கிரேக்க வீரன் அக்கிலீஸுக்குக் குதிகால் மட்டும் பலவீனம் என்று நான் சொன்னதும் என் மகன் “துரியோதனனுக்குத் தொடை மாதிரி” என்றான், என் அம்மா சொல்லிவைத்த கதை. வகுப்பில் ஜீயஸின் இடி ஆயுதத்தைப் பார்த்ததும் இன்னொரு தமிழ்ப் பிள்ளை வஜ்ராயுதம் என்றது. குழப்பம் எதுவும் இல்லை, எது எங்கே நடந்தது என்று அவர்கள் ரொம்பத் தெளிவாக இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் கதை கூடுகிறது.

மட்பாண்டப் பயிற்சியாளர்:

யாரும் பானையைச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். இந்தக் கதைகளில் பலவற்றைக் கிரேக்கர்கள் வரைந்து வைத்ததே பானைகளில்தான். ஆரஞ்சு அட்டையைப் பானை வடிவில் வெட்டி, மேலே மெழுகுக் கிரேயானைத் தாராளமாகத் தேய்த்து, கறுப்புப் போஸ்டர் பெயின்டில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டுப் பூசுங்கள். அந்தத் திரவம் இல்லாவிட்டால் பெயின்ட் மெழுகில் ஒட்டாமல் திரண்டு நிற்கும். காய்ந்ததும் பல் குச்சியால் கீறினால் ஆரஞ்சு கோடு வரும். கறுப்பு உருவத்தின் மேல் கூரான கருவியால் கீறிக் கண், முடி, ஆடைக் கரை எல்லாம் கொண்டுவந்த அவர்களின் முறைக்கு இது ரொம்ப நெருக்கம். அவர்களுடைய கறுப்பு, வண்ணம் அல்ல. நுண்ணிய களிமண் குழம்பைப் பூசி, சூளையில் காற்றை விட்டு, அடைத்து, மறுபடி விட்டு, அந்த நெருப்பிலேயே கறுக்க வைத்தார்கள்.

எதை வரைவது என்று பிள்ளைகள் முழிக்கும்போது நான் பண்டைய கிரேக்கக் கலைஞர் எக்சீக்கியஸ் செய்த ஒரு பானையின் படத்தைக் காட்டுவேன், வத்திக்கானில் இருக்கிறது, 2,500 வருஷத்துக்கு மேல் பழையது. அக்கிலீஸும் இன்னொரு வீரன் அயாக்ஸும் டிராய் போருக்கு நடுவில், ஈட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, குனிந்து ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அக்கிலீஸ் வாயருகே ‘நாலு’, அயாக்ஸ் வாயருகே ‘மூணு’ என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கும். சித்திரக்கதையில் வருகிற வசனம் போலவே! யார் ஜெயிக்கிறார் என்று பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்களும் இரண்டு வீரர்களை ஏதாவது விளையாட வையுங்கள், வாயருகே ஒரே ஒரு சொல் எழுதுங்கள் என்பேன். ஒரு பெண் பிள்ளை அத்தீனாவும் அராக்னியும் பல்லாங்குழி ஆடுவதாக வரைந்து, அராக்னி வாயருகே ‘என் முறை’ என்று கீறியிருந்தாள். நெசவில் தோற்காத பெண்ணைச் சிலந்தியாக்கினது அநியாயம், அதனால் இன்னொரு ஆட்டம் வைத்தேன் என்றாள்.

புது அம்மா:

கால் உறை தயார். மாமியார்தான் பொத்தான் தேடிக் கொடுத்தார், ஹேடீஸுக்குக் கறுப்புப் பொத்தான்தான் வேண்டும் என்று அவரே எடுத்து வைத்துவிட்டார். கல் மட்டும் பையன் வாயில் போடாத அளவுக்குப் பெரிதாக எடுக்க வேண்டும், சின்ன பிள்ளை இருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். அடுத்து தண்ணீர்ப் புட்டியும் முடி உலர்த்தியும், ஆனால் அதற்கு அவன் இன்னும் கொஞ்சம் வளரட்டும்.